குருஷினியானி: சம்பளப் பாக்கிக்குப் பதிலாகக் கிடைத்த ஊர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

போலந்தின் கிழக்கு ஓரத்தில், பெலாரஸ் எல்லையை ஒட்டிக் குருஷினியானி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சாலையின் இருபுறமும் மர வீடுகள். நடுவே பச்சை வண்ணம் அடித்த ஒரு மரப் பள்ளிவாசல். அதற்குச் சற்றுத் தள்ளி, மரங்கள் அடர்ந்த மேட்டில் ஒரு மையவாடி, அதாவது முஸ்லிம்களின் இடுகாடு. கத்தோலிக்க நாடு என்று பேர்பெற்ற போலந்தின் ஒரு மூலைக் கிராமத்தில் இவை எப்படி வந்தன என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. அதற்கும், அதையொட்டி வரும் மற்ற கேள்விகளுக்கும் இங்கே பதில்கள்.

ஊர் சரியாக எங்கே இருக்கிறது?

போட்லாஸ்கியே மாகாணத்தில், சொகுவ்கா மாவட்டத்தில். மாகாணத் தலைநகரான பியாவிஸ்டோக்கிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பக்கத்தில் இருக்கும் சிறு நகரம் கிரின்கி. அங்கிருந்து தெற்கே 10 கிலோமீட்டர் வந்தால் குருஷினியானி. நிர்வாகமும் கிரின்கியின் கீழ்தான். கிழக்கே இன்னும் சில கிலோமீட்டர் போனால் போலந்து முடிந்து பெலாரஸ் தொடங்கிவிடும். வரைபடத்தில் தேடுபவர்கள் முதலில் பியாவிஸ்டோக்கைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எல்லைக் கோட்டை நோக்கி விரலை நகர்த்துங்கள்.

நிலம் எப்படிப்பட்டது?

பெரிய மலையும் இல்லை, பெரிய ஆறும் இல்லை. பனியுகத்துப் பனிப்பாறைகள் இழுத்து வந்து கொட்டிய மணலும் சரளையும் குண்டுக்கற்களும்தான் இங்கே மேடுகளாகவும் பள்ளங்களாகவும் கிடக்கின்றன. வயலை உழுதால் கல் வரும். அந்தக் கற்களை வீணாக்கவில்லை, வேலிச் சுவராக அடுக்கினார்கள், வீட்டுக்கு அடித்தளமாகப் போட்டார்கள், கல்லறைகளில் நட்டார்கள். இந்தக் கற்களைப் பற்றிக் கீழே மறுபடி பேச வேண்டியிருக்கும்.

மண் அவ்வளவு வளமானது அல்ல. ரை என்ற தானியம், ஓட்ஸ், உருளைக்கிழங்கு போன்றவை விளையும். மேற்கே க்னிஷின் காடு. பைனும் ஸ்புரூசும் நிறைந்த அந்தக் காட்டில் ஐரோப்பியக் காட்டெருமைகள் இன்றும் சுதந்திரமாகத் திரிகின்றன. ஊர்ப் பக்கம் ஓடும் நியெதூபா என்ற ஓடை ஸ்விஸ்லாச் ஆற்றில் சேர்கிறது. அது நேமன் ஆற்றில் கலந்து, கடைசியில் பால்டிக் கடலை அடைகிறது. குளிர்காலம் கடுமையானது. வசந்தம் வந்தால் நாரைகள் வந்து கம்பங்களின் உச்சியில் கூடு கட்டும்.

அங்கே எத்தனை பேர் வசிக்கிறார்கள்? எல்லாரும் முஸ்லிம்களா?

மொத்தமே 160 பேர் அளவில்தான். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்ல, ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள். அவர்களுக்குப் புனித அன்னாவின் பெயரில் தேவாலயம் இருக்கிறது. வீட்டில் பலர் பேசுவது பெலாரஸ் மொழியின் வட்டார வழக்கு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே ‘எளிய பேச்சு’ என்பதுதான். கத்தோலிக்கர்களும் உண்டு. முஸ்லிம் தாத்தார் குடும்பங்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஊரில் இருக்கின்றன; மற்றவர்கள் பியாவிஸ்டோக்குக்கும் வேறு நகரங்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆனாலும் இதைத் தங்கள் ஊர் என்றே சொல்கிறார்கள். பெருநாளுக்கு வருகிறார்கள்; கடைசியில் அடக்கம் செய்யப்படவும் இங்கேதான் வருகிறார்கள்.

தாத்தார்கள் யார்? அவர்கள் எப்படிப் போலந்துக்கு வந்தார்கள்?

செங்கிஸ்கான் வழி வந்த பொன்படை அரசின் குதிரை வீரர்கள். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த அரசில் நடந்த பதவிச் சண்டையில் தோற்ற தொக்தமிஷ் கான், லித்துவேனியப் பெருங்கோமகன் வித்தவுத்தாசிடம் அடைக்கலம் தேடினார். கூட வந்த வீரர்கள் பலர் அங்கேயே தங்கினார்கள். வித்தவுத்தாஸ் அவர்களுக்கு நிலம் கொடுத்தார், மதத்தில் தலையிடவில்லை. பதிலுக்குப் போர் வந்தால் குதிரையோடு வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். 1410-இல் நடந்த கிரன்வால்ட் போரில், தொக்தமிஷின் மகன் ஜலாலுத்தீன் தலைமையில் அவர்கள் ஜெர்மானியத் துறவி வீரர்களின் டியூட்டானியப் படைக்கு எதிராகப் போரிட்டார்கள்.

பின்னாளில் போலந்தும் லித்துவேனியாவும் ஒரே கூட்டரசாக இணைந்தன. தாத்தார்களும் அந்தக் கூட்டரசின் வீரர்கள் ஆனார்கள். கிரிமியாவில் இருந்த தாத்தார்கள் இவர்களை லிப்கா என்று அழைத்தார்கள். லித்துவேனியாவுக்கு அவர்கள் மொழியில் இருந்த பெயர் அது.

அப்படியானால் குருஷினியானி அவர்கள் கைக்கு எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். ஊரின் வரலாறு முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போலந்துக் கூட்டரசு வரிசையாகப் போர்களில் சிக்கியது. கோசாக்குகள், ரஷ்யா, ஸ்வீடன், துருக்கி என்று எதிரிகளுக்குக் குறைவில்லை. கஜானா காலியானது. படைவீரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் பாக்கி நின்றது. அதே நேரத்தில் நாடாளுமன்றம் தாத்தார்களின் பழைய உரிமைகளையும் மத சுதந்திரத்தையும் குறைக்கத் தொடங்கியது. கூலியும் இல்லை, மரியாதையும் இல்லை என்றால் யார் பொறுப்பார்கள்? 1672-இல் ஆயிரக்கணக்கான தாத்தார் வீரர்கள் அணி மாறி உஸ்மானிய சுல்தானின் பக்கம் போய்விட்டார்கள். போலந்துக்கு அது பேரிடி. நாட்டின் பாதையும் பாலமும் கோட்டையும் அத்துப்படியான குதிரைப்படை, எதிரியின் கையில்.

ஆனால் துருக்கியரிடமும் அவர்கள் நினைத்த வாழ்க்கை கிடைக்கவில்லை. சிறுகச் சிறுகத் திரும்பத் தொடங்கினார்கள். அப்போது அரியணையில் இருந்தவர் மூன்றாம் யான் சோபியெஸ்கி. அவரே படைத்தளபதியாக இருந்து வந்தவர், தாத்தார் குதிரைப்படையின் அருமை தெரிந்தவர். பாக்கியைத் தீர்க்கக் காசு இல்லை, ஆனால் நிலம் இருந்தது. லித்துவேனியப் பகுதியில் மன்னரின் பண்ணைக் கிராமங்கள் பல, போர்களால் ஆளில்லாமல் கிடந்தன. காசுக்குப் பதில் அந்த நிலத்தையே கொடுத்துவிடலாம் என்று முடிவானது.

1679 மார்ச் 12 அன்று, குரோட்னோ நகரில் அதற்கான சாசனம் எழுதப்பட்டது. சாமுவேல் முர்சா கிஷெச்சோவ்ஸ்கி என்ற படைத்தலைவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் குருஷினியானியும் அக்கம்பக்கத்து ஊர்களும் கிடைத்தன. பதவிக்குத் தக்கபடி அவரவர் பங்கைப் பிரித்துக்கொண்டார்கள். போஹோனிகி என்ற இன்னொரு கிராமமும் அதே ஆண்டில் வேறொரு தாத்தார் படைப்பிரிவுக்குப் போனது.

மன்னரின் பெருந்தன்மை என்று இதைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. இது உழைத்தவனுக்கு வரவேண்டிய கூலி. தாமதமாக வந்தது, வேறு உருவத்தில் வந்தது. ஆனால் வந்தது. சோபியெஸ்கியின் பெருமை, கடனைக் கடன் என்று ஒப்புக்கொண்டு தீர்த்ததில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து மன்னர்களில் எத்தனை பேர் அதைச் செய்தார்கள்?

மன்னரின் உயிரைக் காப்பாற்றியதற்குப் பரிசாகக் கிடைத்த ஊர் என்றுதானே சொல்கிறார்கள்?

ஆமாம், அந்தக் கதை ரொம்பப் பிரபலம். போர்க்களத்தில் கிஷெச்சோவ்ஸ்கி மன்னரைக் காப்பாற்றினார். மகிழ்ந்துபோன மன்னர், ‘விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை குதிரையில் எவ்வளவு தூரம் சுற்றி வருகிறாயோ அவ்வளவும் உனக்கு’ என்றார் என்று கதை போகும்.

தேதிகளைப் பாருங்கள். நிலம் கொடுத்தது 1679. கதையில் வரும் போர், பார்கனி என்ற இடத்தில் 1683 அக்டோபரில் நடந்தது. இன்றைய ஸ்லோவாக்கியாவில் தன்யூப் கரையில் இருக்கிறது அந்த இடம். வியன்னாவை முற்றுகையிட்ட துருக்கியரைச் செப்டம்பர் 12 அன்று விரட்டிய வேகத்தில், சோபியெஸ்கியின் படை அவர்களைத் துரத்திக்கொண்டு போனது. அக்டோபர் 7 அன்று முன்னணிப் படை தனியாக மாட்டிக்கொண்டு சிதறியது. மன்னரே மயிரிழையில்தான் தப்பினார். அந்த நெருக்கடியில் கிஷெச்சோவ்ஸ்கி அவர் உயிரைக் காத்தார் என்பது காலங்காலமாக வரும் செய்தி. இரண்டு நாள் கழித்து, 9-ஆம் தேதி, அதே இடத்தில் சோபியெஸ்கி வென்றார்.

ஆக, முதலில் கிடைத்தது ஊர். உயிரைக் காத்தது நாலு ஆண்டு கழித்து. எனக்கு இந்த வரிசைதான் கதையைவிட அழகாகப்படுகிறது. பாக்கியைத் தீர்த்த மன்னருக்காக அந்த மனிதர் வியன்னா வரை போய் நின்றிருக்கிறார்.

வியன்னாப் போரில் துருக்கியர் பக்கமும் கிரிமியத் தாத்தார்கள் இருந்தார்கள். ஒரே தோற்றம், ஒரே உடை. அடையாளம் தெரியாமல் சொந்தப் படையே வெட்டிவிடக் கூடாது என்பதற்காகப் போலந்து பக்கத்துத் தாத்தார்கள் தலைக்கவசத்தில் வைக்கோல் கீற்றைச் செருகிக்கொண்டார்கள் என்றும் ஒரு செய்தி உண்டு.

அப்புறம், மன்னர் 1688-இல் குரோட்னோ நாடாளுமன்றத்துக்குப் போகும் வழியில் குருஷினியானிக்கு வந்து கிஷெச்சோவ்ஸ்கியின் வீட்டில் தங்கினார் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அந்த வீடு இப்போது இல்லை.

பள்ளிவாசல் எப்படி இருக்கும்?

தூரத்திலிருந்து பார்த்தால் கிராமத்துத் தேவாலயம் என்றே நினைப்பீர்கள். முகப்பில் இரண்டு சதுரக் கோபுரங்கள், அவற்றின் மேல் குடுமி வைத்தாற்போல் சிறு கூரைகள். தேவாலயம் கட்டிப் பழகிய உள்ளூர்த் தச்சர்களின் கைவேலை அது. வேண்டியது பள்ளிவாசலாக இருந்தாலும், கை பழகிய வடிவம்தானே வரும். கோபுர உச்சியைப் பார்த்தால் சிலுவை இருக்க வேண்டிய இடத்தில் பிறை. சுவர் முழுக்கப் பச்சை வண்ணம். இந்த ஊரில் பள்ளிவாசல் இருந்ததற்கான எழுத்துச் சான்று 1717-லேயே கிடைக்கிறது. இப்போது நிற்கும் கட்டடம் அதற்குப் பிந்தியது, 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

உள்ளே நுழைந்தால் வண்ணம் பூசாத பைன் பலகைகள், தரை முழுக்கக் கம்பளங்கள். ஆண்களுக்குப் பெரிய கூடம், பெண்களுக்குத் தனி வாசலோடு சிறிய அறை. இரண்டுக்கும் நடுவிலுள்ள மரச்சுவரில் கண் மட்டத்தில் குறுகலான நீண்ட திறப்பு, அதில் மெல்லிய திரை. இமாமின் குரலும் உருவமும் அந்த வழியாகப் பெண்களை எட்டும். மக்காவின் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராப், அருகே மரப் படிகளோடு மிம்பர் என்ற பிரசங்க மேடை. சுவர்களில் சட்டம் போட்ட முஹிர்கள் தொங்குகின்றன. குர்ஆன் வசனங்களையும் கஅபாவின் படத்தையும் துணியிலோ காகிதத்திலோ தீட்டி மாட்டுவதற்குத் தாத்தார்கள் வைத்திருக்கும் பெயர் அது. வீடுகளிலும் மாட்டுவார்கள். பெரிய பள்ளிவாசல்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒரு வீட்டுக் கூடம் அளவுதான். ஆனால் மர வாசனையும் தாழ்ந்த கூரையுமாக, உள்ளே வந்தவரைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைக்கும் கட்டடம்.

2012-இல் போலந்து அரசு குருஷினியானி, போஹோனிகி இரண்டு ஊர்களின் பள்ளிவாசல்களையும் மையவாடிகளையும் சேர்த்து ‘வரலாற்றுச் சின்னம்’ என்று அறிவித்தது. பழங்கட்டடங்களுக்கு அந்நாடு தரும் மிக உயர்ந்த தகுதிகளில் ஒன்று அது.

மையவாடியில் என்ன விசேஷம்?

தாத்தார்கள் அதை மிசார் என்கிறார்கள். மரங்கள் நிறைந்த ஒரு மேடு. படிக்க முடிகிற கல்லறைக் கற்களில் பழையது 1699-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதாவது ஊர் கைக்கு வந்து 20 ஆண்டில் நட்ட கல்.

நான் மேலே சொன்ன வயல் கற்கள் இங்கே வரிசையாக நிற்கின்றன. தலைமாட்டில் பெரிய கல், கால்மாட்டில் சிறிய கல், சுற்றிலும் கரை கட்டியதுபோல் உருண்டைக் கற்கள். பழையவை பாசி படிந்து பாதி மண்ணுக்குள் போய்விட்டன. எழுத்தைத் தடவிப் பார்த்தால் மேலே அரபியில் கலிமா என்ற இஸ்லாமிய நம்பிக்கை வாசகம், அதன் கீழே பெயரும் ஆண்டும். அந்தப் பெயரை எந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஜார் ஆட்சிக் காலத்தில் ராணுவ அதிகாரியாக இருந்து இறந்தவரின் கல்லில் ரஷ்ய எழுத்து. அடுத்த தலைமுறையின் கல்லில் போலிஷ். ஆட்சி மாற மாற நடுவில் இருக்கும் எழுத்து மாறியிருக்கிறது. மேலே இருக்கும் கலிமாவும் பிறையும் மாறவில்லை.

தாத்தார்களுக்குத் தனி மொழி இருக்கிறதா?

இருந்தது. 16-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அநேகமாக மறைந்துவிட்டது. பல இடங்களிலிருந்து வந்த வீரர்கள், உள்ளூர்ப் பெண்களை மணந்துகொண்டார்கள், அம்மாவின் பேச்சே பிள்ளையின் பேச்சானது. ஆனால் எழுத்தை விடவில்லை. பெலாரஸ் மொழியையும் போலிஷையும் அரபு எழுத்தில் எழுதினார்கள். மார்க்க விஷயங்களும் கதைகளும் அடங்கிய அந்தக் கையெழுத்து நூல்களுக்குக் கிதாப் என்று பெயர். துஆக்கள் எனும் வேண்டுதல்களின் தொகுப்புக்கு ஹமாயில். குர்ஆனின் அரபு வரிகளுக்குக் கீழே போலிஷில் பொருள் எழுதிய தஃப்சீர் பிரதிகளும் உண்டு. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் நூலைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: நாக்கில் இருப்பது மண்ணின் மொழி, பேனாவில் இருப்பது மார்க்கத்தின் எழுத்து.

பிற்காலத்தில் ஊருக்கு என்ன ஆயிற்று?

1795-இல் போலந்தை அண்டை அரசுகள் பங்கு போட்டபோது இந்தப் பகுதி பிரஷ்யாவுக்குப் போனது, 1807-இல் ரஷ்யாவுக்கு. 1915-இல் ஜெர்மன் படை முன்னேறியபோது சுற்றுவட்டார ஆர்த்தடாக்ஸ் மக்கள் கூட்டங்கூட்டமாக ரஷ்யாவுக்குள் ஓடினார்கள். முதல் உலகப் போருக்குப் பின் போலந்து மீண்டும் எழுந்தது. 1925-இல் நாட்டு முஸ்லிம்களுக்கென மதச் சங்கம் ஒன்று அமைந்தது, யாகுப் ஷின்கியேவிச் முதல் முஃப்தி, அதாவது தலைமை மார்க்க அறிஞர் ஆனார். 1936-இல் அதற்குச் சட்ட அங்கீகாரமும் கிடைத்தது. அந்தச் சட்டம் வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அதுவரை வழக்கமாக இருந்தது அன்று உரிமை ஆனது.

பிறகு 1939-இல் சோவியத் படை, 1941-இல் ஜெர்மன் படை. பக்கத்துக் கிரின்கியில் பெரிய யூத சமூகம் ஒன்று தோல் பதனிடும் தொழிலோடு வாழ்ந்துவந்தது. ஜெர்மானியர்கள் அவர்களை அழித்தார்கள். அந்த வட்டாரம் அதன்பின் பழைய வட்டாரமாக இல்லை.

போர் முடிந்தபோது எல்லைக்கோடு மேற்கே நகர்ந்தது. தாத்தார் ஊர்களில் பெரும்பாலானவை சோவியத் பக்கம் மாட்டிக்கொண்டன. பழைய மரப் பள்ளிவாசல்களில் போலந்துக்குள் மிஞ்சியவை இரண்டே இரண்டு: குருஷினியானி, போஹோனிகி. அந்தப் பக்கத்துத் தாத்தார்கள் பலர் வீட்டை விட்டுவிட்டு மேற்குப் போலந்துக்குப் புறப்பட்டார்கள். சிலர் கதான்ஸ்க் வரை போனார்கள். 2011 கணக்கெடுப்பில் தங்களைத் தாத்தார் என்று பதிவு செய்தவர்கள் சுமார் 1,900 பேர்.

சண்டை சச்சரவு எதுவும் இல்லாத ஊரா?

ஊருக்குள் பகை இல்லை. வெளியிலிருந்து வந்த காயங்கள் உண்டு. 2014 ஜூன் மாதம் யாரோ இரவில் வந்து பள்ளிவாசல் சுவரில் பன்றிப் படம் வரைந்துவிட்டுப் போனார்கள், கல்லறைகளையும் விடவில்லை. 300 ஆண்டுக்கு மேல் நாட்டுக்காகப் போரிட்டவர்களின் கல்லறையில் இதைச் செய்ய ஒருவருக்கு மனம் வந்தது என்பது இன்றும் வலிக்கிறது.

2018-இல் விருந்தினர்களுக்குத் தாத்தார் சமையல் பரிமாறிவந்த இல்லம் ஒன்று தீயில் எரிந்துபோனது. நாடெங்கும் இருந்து முன்பின் தெரியாதவர்கள் பணம் அனுப்பினார்கள், திரும்பக் கட்டினார்கள்.

2021-இல் பெலாரஸ் எல்லையில் அகதிகள் நெருக்கடி வந்தபோது எல்லையோரப் பகுதியில் அவசர நிலை அறிவித்தார்கள். குருஷினியானியும் அதற்குள் வந்தது. வெளியார் யாரும் நுழைய முடியவில்லை. எல்லையில் இறந்துபோன சிரியா முதலான நாட்டு முஸ்லிம்களைப் போஹோனிகி தாத்தார்கள் தங்கள் மிசாரில் ஜனாஸா (இறுதிச் சடங்கு) தொழுகை நடத்தி அடக்கம் செய்தார்கள். உறவினர் வர முடியாத மையித்துக்கு, அதாவது இறந்தவருக்கு, உறவாக நின்றார்கள்.

என்ன சாப்பாடு கிடைக்கும்?

பியெரெகாச்செவ்னிக் என்ற பெயரைச் சொல்லப் பழகிக்கொண்டு போங்கள். மாவை ஆறு மெல்லிய அடுக்குகளாகத் தேய்த்து, ஒவ்வொன்றின் மேலும் கொழுப்போ வெண்ணெயோ தடவி, கறியைப் பரப்பி, பாய்போல் சுருட்டி, நத்தை ஓடு மாதிரி வளைத்து வட்டத் தட்டில் வைத்து அடுப்பில் சுட்டெடுப்பார்கள். ஆட்டுக்கறி, வாத்துக்கறி போடுவது உண்டு; இனிப்பாக வேண்டுமென்றால் பாலாடைக்கட்டி. வெட்டினால் ஏடு ஏடாகப் பிரியும். மாவை விரல்நுனி தெரியும் அளவுக்குக் கிழியாமல் தேய்ப்பதில்தான் கைத்திறன். 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதைப் பாரம்பரிய உணவாகப் பதிவு செய்தது.

போய்ப் பார்ப்பது எப்படி?

ரயில் கிடையாது. பியாவிஸ்டோக்கிலிருந்து காரில் வருவதுதான் வசதி. பள்ளிவாசலில் ஊர்த் தாத்தார் ஒருவர் வருபவர்களை உட்காரவைத்து வரலாறு சொல்வது வழக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். 2010 மார்ச்சில், அப்போது இளவரசராக இருந்த பிரிட்டனின் சார்லசும் இங்கே வந்து போனார். மிசாருக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பலர் பள்ளிவாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

பெருநாள் அன்று என்ன நடக்கும்?

தாத்தார்கள் பைராம் என்பார்கள். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும்தான் வெறிச்சோடிய ஊர் நிறையும் நாட்கள். பல நகரங்களிலிருந்து குடும்பங்கள் வந்து இறங்கும். தொழுகை முடிந்ததும் மிசாருக்குப் போய் முன்னோர் கல்லறைகளில் நின்று துஆ செய்வார்கள். பள்ளிவாசலில் சடோகா பங்கிடுவார்கள். ஸதகா என்ற அரபுச் சொல்தான் இந்த நாக்குகளில் இப்படி ஆகியிருக்கிறது. மிட்டாய், கேக்குத் துண்டு, ஹல்வா என்று அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்ததை எல்லாருடைய கையிலும் வைப்பார்கள். பிள்ளைகள் பை கொண்டுவந்துவிடுவார்கள், கை போதாது.